பாஹியன்கல குகைக்குப் போகுமுன்: கொழும்புவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் இருக்கும் நம் சனத்துக்கு ஒருநாள் பயணம் என்றால் காலிக் கோட்டை, பின்னவலை, முன்னேஸ்வரம், மிஞ்சிப்போனால் சீதாவக்கை. தெற்காசியாவின் மிகப் பழைய மனிதத் தடயங்களில் சில கிடைத்த குகை ஒன்று இரண்டரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. உறவினரும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பாதி பயணம் பற்றியது, பாதி வரலாறு பற்றியது. வரலாற்றுப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அது தெரியாமல் போனால் அங்கே ஒரு பெரிய பாறையும் ஒரு பன்சலையும் (பௌத்த விகாரை)தான் தெரியும்.

இது எந்தக் குகை? எங்கே இருக்கிறது?

களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்கு அருகே, யட்டகம்பிட்டிய என்ற கிராமத்தில். பாஹியன்கல, பாஹியன் லேன என்று இரண்டு பெயர்களிலும் சொல்வார்கள். சுற்றிலும் றப்பர் தோட்டங்கள். அதற்கு மேலே காடு மூடிய குன்று, அதில் வாயை அகலத் திறந்தபடி ஒரு பாறைக் குடைவு.

குகை என்றதும் இருட்டு, வௌவால், டோர்ச் லைட் என்று கற்பனை பண்ணாதீர்கள். தொல்லியலாளர் இதைப் பாறை மறைவிடம் என்பார்கள். மேலே பாறை கூரையாக நீண்டிருக்கும், முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். வெளிச்சம் வரும், மழை வராது. எவ்வளவு காலமானாலும் ஆட்கள் இங்கே திரும்பத் திரும்ப வந்ததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சீனத் துறவி பாஹியன் உண்மையிலேயே இங்கே தங்கினாரா?

ஊர்க் கதை அப்படிச் சொல்கிறது. பாஹியன் கி.பி. 399இல் சீனாவிலிருந்து கிளம்பி, இந்தியாவைச் சுற்றிவிட்டு, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து இரண்டு வருடம் இருந்தார். அவருடைய பயணக் குறிப்பு இன்றும் இருக்கிறது, அநுராதபுரத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சிவனொளிபாத மலைக்குப் போகும் வழியில் இந்தக் குகையில் தங்கினார் என்பது பின்னால் வந்த நம்பிக்கை. தோண்டியதில் அதற்கு ஆதாரம் எதுவும் வரவில்லை.

தங்கியிருந்தாலும் சரி, தங்காவிட்டாலும் சரி, அவர் வந்த காலம் இந்தக் குகைக்கு நேற்று மாலை மாதிரி.

அப்படியானால் இதன் வயது என்ன? ஓரிடத்தில் 37,000 என்கிறார்கள், இன்னோரிடத்தில் 48,000 என்கிறார்கள்.

இரண்டும் பிழையில்லை, இரண்டும் வேறு வேறு விஷயம். குகையில் முதன்முதலில் 1968இல் தோண்டியவர் தொல்லியலாளர் சிரான் தெரணியகல. பிறகு 1986இலும் 1988இலும் விஜயபாலவோடு சேர்ந்து பெரிய அளவில் தோண்டினார்கள். அப்போது அடுப்புக் கரியை வைத்துக் கணித்த காலம் முப்பதாயிரங்களில் வந்தது. பழைய புத்தகங்களிலும் பலகைகளிலும் இருப்பது அந்த எண். பின்னர் 2009இலிருந்து மறுபடி தோண்டி, இன்னும் துல்லியமான முறைகளில் அளந்தபோது, மனிதர் இங்கே முதலில் நடமாடிய காலம் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன் என்று தெரிந்தது. கிடைத்த மனித எலும்புகளில் மிகப் பழையவை அதைவிடப் பிந்தியவை, சுமார் 38,000 ஆண்டு. கருவியும் கரியும் சாப்பாட்டு மிச்சமும் எலும்புக்கூட்டை விட முந்திய மண் படையில் இருப்பது சாதாரணம்தான்.

கரியை வைத்து எப்படிக் காலம் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் மிகக் கொஞ்சம் கதிரியக்கக் கார்பன் 14. மரம் செத்த பிறகு புதிதாக உள்ளே போகாது, இருப்பது மட்டும் சிதைந்து குறையும். சுமார் 5,730 வருடத்தில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் எப்போது செத்தது என்று சொல்லலாம். 50,000 ஆண்டுக்கு அப்பால் அளக்க எதுவும் மிஞ்சாது. பாஹியன்கலவின் அடிமட்ட மண் படை கிட்டத்தட்ட அந்த எல்லையில்தான் நிற்கிறது.

பலாங்கொடை மனிதன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். குகை இருப்பதோ புளத்சிங்களவில்?

பலாங்கொடைப் பக்கத்தில், பெல்லன்பெந்தி பெலஸ்ஸ முதலிய இடங்களில், சிரானின் தந்தை பி.ஈ.பி. தெரணியகல கண்டெடுத்த எலும்புகளுக்கு அவர் வைத்த பெயர் அது. அவர் கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர். பிறகு வேறு இடங்களில் இதே வகைக் கருவிகளோடு கிடைத்த ஆதி மனிதர் எல்லாரையும் அதே பெயரில் அழைக்கப் பழகிவிட்டோம். எனவே புளத்சிங்களவிலும் பலாங்கொடை மனிதன், குருவிட்டவிலும் பலாங்கொடை மனிதன்.

வேறொரு மனித இனம் என்று நினைக்க வேண்டாம். நம்மைப் போன்ற முழு மனிதர், ஹோமோ சேப்பியன்ஸ்.

பார்க்க எப்படி இருந்திருப்பார்கள்?

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் கென்னத் கென்னடி இந்த எலும்புகளை நீண்ட காலம் ஆராய்ந்தார். தடித்த மண்டையோடு, புருவத்துக்கு மேலே புடைத்த எலும்பு, கனத்த தாடை, பெரிய பற்கள், குட்டைக் கழுத்து. ஆண்கள் சராசரியாக 174 சென்டிமீட்டர், பெண்கள் 166 என்று கணித்திருக்கிறார்கள். ஆதி மனிதன் குள்ளமாகக் கூனிக் குறுகி இருந்திருப்பான் என்று நினைப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். இன்றைக்கு வெள்ளவத்தை காலி வீதியில் நின்று எண்ணினால், அந்தச் சராசரியை எட்டாத ஆண்கள் நிறையப் பேர் அகப்படுவார்கள்.

குரங்கைத்தான் சாப்பிட்டார்களாமே?

ஆமாம், முக்கியமாகக் குரங்கும் மலை அணிலும். எனக்கு இந்தக் குகையில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீண்ட காலமாக ஆராய்ச்சியாளரிடம் ஒரு எண்ணம் இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து கிளம்பிய மனிதர் புல்வெளிகளையும் கடற்கரைகளையும் பிடித்துக்கொண்டுதான் உலகம் முழுக்கப் பரவினார்கள், அடர்ந்த மழைக்காடு அவர்களுக்குத் தடை என்பது அது. யோசித்தால் நியாயமாகத்தான் படும். மழைக்காட்டில் பெரிய மிருகம் குறைவு, இருப்பதெல்லாம் மரத்தின் உச்சியில். கிழங்கும் பழமும் சிதறிக் கிடக்கும். நோய், ஈரம், அட்டை வேறு. அங்கே மனிதர் நுழைந்தது பிற்காலத்தில், பக்கத்தில் விவசாயம் செய்தவர்களின் துணையோடுதான் என்று வாதாடியவர்களும் உண்டு.

இலங்கையின் ஈரவலயக் குகைகள் அந்த எண்ணத்தை உடைத்தன. 2015இல் பட்ரிக் ரொபர்ட்ஸ் குழுவினர் இங்குள்ள ஆதி மனிதரின் பற்களை ஆராய்ந்தார்கள். அடர்ந்த காட்டின் நிழலில் வளரும் செடிகளில் கார்பனின் கலவை வெட்டவெளிச் செடிகளில் இருப்பதிலிருந்து வேறுபடும். அதைத் தின்ற மிருகத்திலும், மிருகத்தைத் தின்ற மனிதனின் பல்லிலும் அந்த அடையாளம் பதியும். பற்கள் சொன்னது தெளிவு: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே காட்டுச் சாப்பாட்டை நம்பித்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

பிறகு 2019இல் இலங்கை ஆய்வாளர் ஒஷான் வெதகே தலைமையில், பாஹியன்கலவில் கிடைத்த ஆயிரக்கணக்கான எலும்புத் துண்டுகளை எண்ணி வகைபிரித்த ஆய்வு வந்தது. அது இந்தக் கதையை 45,000 ஆண்டு வரை பின்னால் கொண்டுபோனது. அடையாளம் கண்ட மிருக எலும்புகளில் பாதிக்கு மேல் குரங்கும் அணிலும். செங்குரங்கு, ஊதா முக மந்தி, மலை அணில். வெட்டிய காயமும் சுட்ட கருமையும் எலும்பில் இருக்கின்றன. இன்னொன்றும் கவனித்தார்கள்: பெரும்பாலும் வளர்ந்த மிருகங்களையே பிடித்திருக்கிறார்கள், குட்டிகள் குறைவு. பல்லாயிரம் வருடம் ஒரே காட்டில் வேட்டையாடியும் அந்தக் குரங்கு இனங்கள் அழிந்துபோகவில்லை. ஊதா முக மந்தியை இப்போதும் பிலியந்தலை, ஹொரணைப் பக்கம் வீட்டுக் கூரையில் பார்க்கலாம், ஓட்டை உடைக்கிறது என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கும். அதற்கு ஆபத்து வந்தது கடந்த நூறு நூற்றைம்பது வருடத்தில் காட்டை வெட்டியதால்.

குரங்கு மட்டும்தானா என்றால் இல்லை. மர நத்தை, ஆற்று நத்தை, மீன், காட்டு வாழை, காட்டு ஈரப்பலா, கெக்குண என்ற காட்டு மரத்தின் கொட்டை என்று அக்கம்பக்கத்துக் குகைகளில் பட்டியல் நீளும். கொட்டை உடைப்பதற்காகக் குழி விழுந்த கற்களும் அகப்பட்டிருக்கின்றன.

மரத்தின் மேல் ஓடுகிற குரங்கை எப்படிப் பிடித்தார்கள்?

இதற்கான விடைதான் 2020இல் பெரிய செய்தியானது. குகையில் கிடைத்த எலும்புக் கருவிகளில் சிறிய கூர்முனைகள் ஏராளம், பெரும்பாலும் குரங்கு எலும்பிலேயே செய்தவை. ஈட்டிக்குப் பொருத்த முடியாத அளவு சின்னவை, எடையும் இல்லை. முனைகள் உடைந்திருக்கும் விதமோ வேகமாகப் பாய்ந்து மோதியதைக் காட்டுகிறது. ஆகவே அம்பு முனைகள் என்று மிஷெல் லாங்லி குழுவினர் முடிவுக்கு வந்தார்கள். அடியிலுள்ள முனைகள் 48,000 ஆண்டு பழையவை. குரங்கு எலும்பில் அம்பு செய்து குரங்கையே அடித்திருக்கிறார்கள். தோலோ நாரோ கொண்டு ஏதோ உடுத்தித் தைத்ததற்கு ஏற்ற ஊசி போன்ற கருவிகளும், சிப்பியிலும் காவிக் கல்லிலும் செய்த மணிகளும் கூடவே இருந்தன.

"உலகின் முதல் வில் அம்பு இலங்கையில்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் இதைவிடப் பழைய அம்பு முனைகள் உண்டு. 2020இல் சொன்னது, ஆபிரிக்காவுக்கு வெளியே மிகப் பழையவற்றில் ஒன்று என்பது. அதன் பிறகு 2023இல் பிரான்சின் மான்ட்ரின் குகையில் 54,000 ஆண்டு பழைய அம்பு முனைகளை அறிவித்திருக்கிறார்கள். மழைக்காட்டில் வில் அம்பு என்ற பெருமை போதாதா?

கல் கருவிகள்?

வெண்ணிறப் படிகக்கல்லில் செய்த மிகச் சின்னக் கருவிகள், நுண்கற்கருவிகள் என்பார்கள். சில விரல் நகத்தை விடச் சிறியவை. ஐரோப்பாவில் இந்த வகை நன்றாகப் பரவியது பல்லாயிரம் ஆண்டு கழித்து. படிகக்கல் உடைக்கச் சண்டித்தனம் பண்ணுகிற கல், நினைத்தபடி பிளக்காது. அதனால் நுண்கருவியைக் கண்ணால் பார்த்துச் சாதாரணக் கல்லிலிருந்து பிரிக்கப் பழக்கம் வேண்டும்.

கடல் பக்கமே போகாமல் காட்டுக்குள்ளேயே இருந்தார்களா?

காட்டில் வாழ்ந்தாலும் கடலோடு தொடர்பு இருந்தது. உள்நாட்டுக் குகைகளில் கடல் சிப்பி மணியும் சுறாப் பல்லும் கிடைத்திருக்கின்றன. கித்துல்கலவின் பெலிலெனக் குகைக்குக் கடற்கரையிலிருந்து உப்பு கொண்டுவந்த தடயமும் உண்டு. தாங்களே நடந்துபோய் எடுத்தார்களா, கைமாறிக் கைமாறி வந்ததா என்பது வேறு கேள்வி. எப்படியானாலும் அங்கே இருந்த ஆட்களும் இங்கே இருந்த ஆட்களும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள்.

இறந்தவர்களை என்ன செய்தார்கள்? எலும்புகள் இன்னும் குகையில் இருக்கின்றனவா?

குகையில் நீங்கள் எலும்பு எதையும் பார்க்க மாட்டீர்கள், எல்லாவற்றையும் ஆய்வுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஒரே ஆளின் முழு எலும்புக்கூடாக இல்லாமல், குழந்தைகள், பெரியவர்கள் எனப் பலருடைய துண்டு துண்டான எலும்புகள்தான் கிடைத்தன. உடலை முதலில் வெளியே விட்டு, தசை போன பிறகு தெரிந்தெடுத்த எலும்புகளை மட்டும் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்பது கென்னடியின் விளக்கம். எல்லப் பக்கம் இராவணன் நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள குகையில், காவி பூசிய மண்டையோட்டுத் துண்டு கிடைத்திருக்கிறது. "இராவணன் குகை" என்று போட்டோ எடுத்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் யோசிப்பதுண்டு.

அவர்கள் தமிழரா, சிங்களவரா?

எந்தக் குடும்பத்தோடு போனாலும் வேன் ஹொரணையைத் தாண்டுமுன் இந்தக் கேள்வி வந்துவிடும். இரண்டும் இல்லை. 48,000 ஆண்டுக்கு முன் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இன்று உலகில் பேசும் எந்த மொழியையும் அவ்வளவு தூரம் பின்னால் கொண்டுபோக மொழியியலில் வழியே கிடையாது. குகையில் எலும்பு கிடைக்கும், கரி கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

வேடர்களோடு எலும்பு அமைப்பில் ஒற்றுமை இருக்கிறது என்று கென்னடி எழுதினார். அது ஒரு இழை மட்டும். இடையில் எத்தனையோ பேர் வந்து கலந்திருக்கிறார்கள். நாம் நன்றாக அறிந்த, இறந்தவர்களைத் தாழியில் புதைத்த பொம்பரிப்பும், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் தோண்டிய ஆனைக்கோட்டையும் இரும்புக் காலத்தவை. பாஹியன்கலவோடு ஒப்பிட்டால் அவை நம் காலத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு பக்கம் "எங்கள் மூதாதையர்" என்று கொடி நடுவதும், மறுபக்கம் "எங்களுக்குச் சம்பந்தமில்லாத இடம்" என்று ஒதுங்குவதும் எனக்கு ஒரே அளவு அபத்தமாகத்தான் படுகிறது. நம்முடைய பிள்ளைகள் இந்தக் குகைக்குக் குறைவாகப் போவதற்கு இரண்டாவது மனநிலைதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பன்சலை இருக்கிறது, சிங்களப் பலகை இருக்கிறது, அது அவர்களுடைய இடம் என்று நாமே முடிவெடுத்துவிடுகிறோம்.

அவ்வளவு காலத்துக்கு முன் தீவுக்கு எப்படி வந்தார்கள்? படகிலா?

நடந்தே வந்திருக்கலாம். பனிக்காலத்தில் உலகின் தண்ணீர் பெருமளவு பனிக்கட்டியாக உறைந்து கிடந்ததால் கடல் மட்டம் தாழ்ந்திருந்தது. அதன் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே. பாக்கு நீரிணை மிக ஆழம் குறைந்த கடல், அவ்வளவு தாழத் தேவையே இல்லை, கொஞ்சம் இறங்கினாலே தரை வெளியே வந்துவிடும். மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே மனிதரும் மிருகமும் நடமாடிய காலம் மிக நீண்டது. கடைசியாகத் தண்ணீர் மூடியது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்.

வடக்கில் இப்படி எதுவும் இல்லையா?

குகை இல்லை, ஆனால் பெயர் இருக்கிறது. இலங்கையின் ஆதி கற்கருவிகள் கிடைக்கும் ஒரு சரளை, செம்மண் படிவுக்கே இரணைமடுப் படிவு என்றுதான் தொல்லியலில் பெயர். நம் கிளிநொச்சி இரணைமடுதான். இதே வகைப் படிவு அம்பாந்தோட்டைப் பக்கம் பத்திராஜவெல, பூந்தல ஆகிய இடங்களிலும் இருக்கிறது. அங்கே அகப்பட்ட கருவிகளைச் சிரான் தெரணியகல சுமார் 125,000 ஆண்டு வரை பின்னால் கொண்டுபோகிறார். அந்தக் காலத்து மனித எலும்பு கிடைக்காததால் கருவி செய்தவர் யார் என்பது திறந்த கேள்வி. எலும்பு கிடைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஈரவலயக் குகைகளில்தான்.

சரி, கொழும்பிலிருந்து எப்படிப் போவது?

பஸ் என்றால் புறக்கோட்டையில் 120ஆம் இலக்க ஹொரணை பஸ். வெள்ளவத்தைக்காரர் புறக்கோட்டை போகவே வேண்டாம், பாமன்கடைப் பக்கம் ஹவ்லொக் வீதியில் நின்றாலே ஏறலாம். ஹொரணையில் இறங்கி புளத்சிங்கள பஸ், அங்கிருந்து ஓட்டோ. ஓட்டோக்காரரைக் காத்திருக்கச் சொல்லிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது அகப்படுவது கஷ்டம்.

வேன் அல்லது கார் என்றால் தெற்கு அதிவேகப் பாதையில் கெலனிகமவில் வெளியேறி ஹொரணை வழியாகப் போகலாம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் மேலே நிற்கலாம். எட்டுக்குக் கிளம்புகிற குடும்பம் பத்தரைக்கும் ஹொரணையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும், அது நம் வழக்கம்.

மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். பன்சலை வளவுக்குள் மீன், இறைச்சியை விரிக்க வேண்டாம், கீழே இறங்கி எங்காவது நிழலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காலம் நல்லது?

ஜனவரியிலிருந்து மார்ச் நடு வரை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அந்தப் பக்கத்தை நம்ப முடியாது. 2017 மேயில் வெள்ளமும் மண்சரிவும் மிக மோசமாகத் தாக்கிய இடங்களில் புளத்சிங்களவும் ஒன்று. மழை அறிவித்தல் வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அது மாத்திரமல்ல, ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடி மின்னலும் கடுமை. அட்டை எந்த மாதமும் இருக்கும், சவர்க்காரமோ உப்போ கையில் இருக்கட்டும்.

போயா தினத்தில் போனால் சனம் அதிகம். அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண வாரநாள்.

பன்சலைக்குள் நாங்கள் போகலாமா? என்ன உடை?

தாராளமாகப் போகலாம். குகைக்குள் சயன புத்தர் சிலை இருக்கிறது, பிக்குமார் இருக்கும் இடம். தோளும் முழங்காலும் மூடிய உடை, செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள், அது விளையாட்டில்லை. பிக்குவைச் சந்தித்தால் கைகூப்பி "ஹாமதுருவனே" என்று கூப்பிட்டு, தொல்லியலாளர் தோண்டிய இடம் எது என்று கேளுங்கள். சிங்களம் தட்டுத் தடுமாறினாலும் பரவாயில்லை.

அம்மம்மாவால் ஏற முடியுமா?

படிகள் நிறைய. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே பன்சலையில் இருந்துவிடலாம். மெதுவாக, இருந்து இருந்து ஏறுகிறவர்களுக்கு முடியும். மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும்.

மேலே போனால் என்ன தெரியும்? நேர்மையாகச் சொல்லுங்கள்.

பாறைக் கூரை, அதன் பிரம்மாண்டம், சிலை, கீழே விரியும் பச்சை. அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டியும் எலும்புக்கூடும் வெளிச்சமும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். தோண்டிய குழியை மூடிப் பாதுகாப்பதுதான் தொல்லியல் வழக்கம். அடுத்த தலைமுறையிடம் இன்னும் நல்ல கருவிகள் இருக்கும் என்பதால் மண்ணின் ஒரு பகுதியைத் தொடாமலே விட்டுவைப்பார்கள்.

நான் கூட்டிப் போகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: சிலையைக் கும்பிட்டு முடித்ததும் திரும்பி, குகை வாயிலிருந்து வெளியே பாருங்கள். மரங்களின் உச்சி கண்மட்டத்தில் இருக்கும். குரங்கு ஓடுகிற உயரம் அது. வேட்டைக்காரன் ஏன் இந்த இடத்தை விடவில்லை என்பதை எந்தப் பலகையும் அவ்வளவு நன்றாக விளக்காது.

அப்படியானால் கருவிகளை எங்கே பார்ப்பது?

முதலில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போங்கள். கறுவாத்தோட்டத்தில், 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். அங்கே வரலாற்றுக்கு முந்திய காலத்துக்கென ஒரு கூடம் இருக்கிறது. நுண்கற்கருவி, எலும்பு முனை எல்லாம் எவ்வளவு சின்னது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் குகைக்குப் போனால் பயணமே வேறு. வரிசை மாறினால் பலன் பாதிதான். பொது விடுமுறை நாட்களைத் தவிருங்கள். இரத்தினபுரி நூதனசாலையும் நல்லது, மாணிக்கக் குழிகளில் அகப்பட்ட நீர்யானை, காண்டாமிருகம் போன்ற அழிந்த மிருகங்களின் எச்சங்கள் அந்தப் பிரதேசத்துச் சொத்து. ஒரு காலத்தில் இந்தத் தீவில் சிங்கமும் இருந்தது, குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்து 1939இல் பி.ஈ.பி. தெரணியகல அதற்குப் பெயர் வைத்தார்.

ஒரு சின்னக் கல்லை ஞாபகத்துக்கு எடுத்து வரலாமா?

கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், கல் எந்தப் படையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பு முழுக்க இருக்கிறது. உங்கள் வீட்டு ஷோகேஸில் அது வெறும் கல். பிள்ளைகள் மண்ணைக் கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாறையில் பெயர் கீறுகிற அண்ணன்மாரையும்.

பிள்ளைகளுக்குச் சலிக்காதா?

ஒரு கேள்வியோடு அனுப்பினால் சலிக்காது. "நீ இங்கே தங்குவதென்றால் அடுப்பை எங்கே மூட்டுவாய்?" என்று என் மருமகளிடம் கேட்டோம். புகை போகிற பக்கம், மழைச் சாரல் வராத பக்கம், பாம்பு வந்தால் தெரிகிற பக்கம் என்று அரை மணி நேரம் வாதாடினாள். அவளுடைய அப்பாதான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது பிடித்துவிட்டால் அடுத்து எங்கே?

இரண்டு குகைகள். கித்துல்கலவில் பெலிலென: களனி ஆற்றில் படகு விடப் போகிற இளைஞர் கூட்டத்துக்குப் பக்கத்தில்தான், ஆனால் பாதை செங்குத்து. குருவிட்டவுக்கு மேலே, சிவனொளிபாத மலை அடிவாரக் காட்டில் பட்டதொம்பலென: கருவிகளும் எலும்புகளும் ஏராளமாகக் கிடைத்த இடம், முப்பதாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. இதற்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே ஏறி, பின்னேர மழைக்கு முன் இறங்கிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளோடும் முழங்கால் வலிக்காரரோடும் போவதென்றால் பாஹியன்கலவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.